மூன்று பேருக்கு ஒரு கட்டில்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம், எங்கள் ஊர் தர்மாஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் நாலு வரி எழுதிப் போட்டார்கள். இன்சுலின் ஊசி இனிமேல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. பெரியவர்கள் என்றால், ஆஸ்பத்திரியில் சேர்ந்து உள்ளே படுத்திருப்பவர்களுக்கு மட்டும். தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குக் கிடையாது.

"மேல பட்ஜெட்ல வெட்டிட்டாங்கம்மா. வர்ற மருந்தே பாதிதான் வருது. என்னைக் கேட்டா நான் இன்னா பண்றது?" என்றார் கம்பவுண்டர். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் பட்டவர் அவர் ஒருவர்தான். "எவன் வெட்டினானோ அவனுக்குச் சக்கரை வந்தா தெரியும்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அதுவரை பட்ஜெட் என்பது டீக்கடை ரேடியோவில் செய்திக்கு நடுவே வந்து போகிற ஒரு சொல் என்றுதான் நினைத்திருந்தேன். அது என் வீட்டுக்காரரின் ரத்தத்துக்குள் கையை விடும் என்று நான் எங்கே கண்டேன்?

என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் திடீரென்று உடம்பு வற்ற ஆரம்பித்தது. தண்ணீர் குடித்துக் குடித்து குடம் காலியாகும். கடைசியில் மண்டியிலேயே சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படாத சர்க்கரை. தினம் ஊசி போட்டால் மூட்டை தூக்குவார். போடாவிட்டால் பத்து நாளில் பாயில் கிடப்பார். வெளியே மருந்துக்கடையில் வாங்கலாம். ஆனால் அவர் கூலியும் தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து நான் கொண்டுவருவதும் சேர்ந்தாலும், ஊசி வாங்கினால் அடுப்பு எரியாது.

எங்களைப் போலவே தினம் ஊசிக்கு வந்து, அன்றைக்கு அந்தப் பலகையின் முன்னால் நின்றவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் தேரடி வீதிப் பக்கம் பெட்ரோமாக்ஸ் விளக்கு ரிப்பேர் பார்க்கும் பாய். இன்னொருத்தி அடி அண்ணாமலையிலிருந்து தினமும் நடந்து வரும் அக்கா. கிரிவலப் பாதையில் சின்னதாக மோர்க்கடை வைத்திருந்தாள். புருஷன் இல்லை, வீட்டில் எழுந்து நடமாட முடியாத மாமியார். தினமும் ஒரே வரிசையில் நின்று நின்று நாங்கள் பழகிவிட்டிருந்தோம். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். நான் கத்தினால் அவள் சிரிப்பாள்.

ஆண்கள் வார்டு சிஸ்டர்தான் எங்கள் மூவரையும் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"உள்ள படுத்திருக்கிறவங்களுக்குத்தானே ஊசி? அப்ப உள்ள படுங்க" என்றார்.

"எல்லாரும் உள்ள படுத்துட்டா சோறு எங்கேர்ந்து வரும் சிஸ்டர்?" என்றார் பாய்.

சிஸ்டர் சொன்ன ஏற்பாடு இதுதான். ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டில், குழாயடிக்குப் பக்கத்தில், யாருக்கும் பிடிக்காத கட்டில். அது ஒரு வாரம் என் வீட்டுக்காரர் பேரில், ஒரு வாரம் பாய் பேரில். யார் பேரில் இருக்கிறதோ அவர் இரவு அங்கே படுத்து, காலை டாக்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை இருந்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். மற்றவர் காலையில் நோயாளியைப் பார்க்க வருகிற ஆள் மாதிரி வந்தால் போதும். பொம்பளை வார்டில் தரையில்கூட இடமில்லை. அதனால் அக்காவுக்குக் கட்டில் கிடையாது. அவள் செம்பில் கஞ்சி எடுத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரி மாதிரி வர வேண்டும். கட்டில் காலில் தொங்கும் சீட்டில் மூன்று பேருடைய அளவையும் கூட்டி ஒரே ஆளுக்கு எண்பது யூனிட் என்று எழுதிவிடுவார். மருந்து எண்பதுக்கு வரும். கட்டுக்கட்டும் அறையில் வைத்து அதை மூன்றாகப் பிரித்துப் போட்டுவிடுவார். என் வீட்டுக்காரருக்கு அதில் இருபத்துநாலு. அக்காவுக்குத்தான் ஜாஸ்தி.

எங்கள் மூவரில் அரசாங்கத்தின் கணக்கில் இல்லாத ஆள் அவள்தான். அதைச் சொல்லியும் அவள் சிரித்தாள். "பேரு இல்லாட்டி இன்னா, ஊசி குத்தினா வலிக்குதே, அது போதும்" என்றாள்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஓடியது என்றுதான் சொல்கிறேனே தவிர, ஒவ்வொரு காலையும் எனக்கு வார்டு வாசலைப் பார்த்தபடியேதான் போனது. புதிதாக ஒரு ஆஸ்பத்திரிச் சிப்பந்தி முகத்தைக் கண்டாலே நான் குழாயடிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். திருடியவள் மாதிரி நின்றேன். நாங்கள் எதைத் திருடினோம்? போன மாசம்வரை கூப்பிட்டுக் கொடுத்த மருந்தைத்தான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார்த்திகை தீபம் வந்தது. தீபம் என்றால் எங்கள் ஊரில் எள் போட்டால் எள் விழாது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். கூட்டத்தில் மிதிபட்டவர்கள், மயங்கி விழுந்தவர்கள் வருவார்கள் என்று நடக்க முடிந்த நோயாளிகளை எல்லாம் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிக் கட்டில்களைக் காலி செய்வார்கள். அந்த வாரம் கட்டில் எங்கள் பேரில். சிஸ்டருக்கோ கோயில் பக்கம் முதலுதவிக் கொட்டகையில் டியூட்டி போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் சாயந்திரம் அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "நாளைக்கு வார்டுல வெளியூர் நர்ஸ் இருப்பாங்க. நீங்க கட்டில விட்டு இறங்காதீங்க, இறங்கினா கட்டில் போயிடும். யாராவது ஊசின்னு வந்தா போட்டாச்சுன்னு சொல்லிடுங்க. நான் பத்து மணிக்குள்ள எப்படியாவது ஓடி வந்து மூணு பேருக்கும் போட்டுட்டுப் போறேன். அப்புறம், விரதம் கிரதம்னு பட்டினி கிடக்காதீங்க. உங்களுக்கு அது ஆகாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தீபத்தன்று மலையில் ஜோதி ஏறும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பது அவர் வீட்டு வழக்கம். அப்பா இருந்தார், தாத்தா இருந்தார், இவரும் இருப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் காலையில் கொடுத்த ரொட்டியைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் ரொட்டியை வாயில் திணித்திருப்பேன்.

காலையில் இட்லியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன். வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் போய்விடும் வழி அன்றைக்குப் போகவே முடியவில்லை. எங்கே திரும்பினாலும் சவுக்குக் கட்டை கட்டி மறித்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர், "சுத்திக்கிட்டுப் போம்மா" என்றார். "ஆஸ்பத்திரிக்குச் சோறு எடுத்துக்கிட்டுப் போறேங்க" என்றேன். "எல்லாரும் இதையே சொல்றாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூறல் வேறு. கூட்டம் ஒரு பக்கம் தள்ள, நான் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபக்கம் முட்டினேன். வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினேன். அரோகரா சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

வார்டுக்குள் நுழைந்தபோது பாய் கட்டிலின் மேல் குனிந்து என் வீட்டுக்காரரின் வாயில் டீயை ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ கடைவாய் வழியாகக் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை, தலையணை எல்லாம் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தன. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "யாரும்மா நீ? மண்டி சாத்தியாச்சா?" என்று கேட்டார்.

"பாய், இன்னா ஆச்சு?"

"முழுசையும் போட்டுடுச்சும்மா அந்தப் பொண்ணு" என்று என் காதருகில் சொன்னார் பாய். "எண்பதையும் இவருக்கே போட்டுடுச்சு."

வெளியூர் நர்ஸ் சின்னப் பெண். வேலையில் கறார். சீட்டைப் படித்துவிட்டு மருந்தோடு வந்திருக்கிறாள். போட்டாச்சு என்று இவர் சொன்னாராம். "யாரு போட்டது? சீட்டுல எழுதலையே" என்று கேட்டிருக்கிறாள். சிஸ்டர் பேரைச் சொன்னால், கொட்டகை டியூட்டியில் இருக்கிறவர் இங்கே எப்படி வந்தார் என்று அவர் தலை உருளும். எண்பது எனக்கு ஜாஸ்தி என்று சொன்னால், மீதி யாருக்கு என்று கேட்பார்கள். இவர் கையை நீட்டிவிட்டார். வெல்லமோ சர்க்கரையோ தின்றால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, பாய் வந்ததும் அவரை வாங்கிவர அனுப்பியிருக்கிறார். பாய் அந்தக் கூட்டத்தில் நீந்திப்போய் இனிப்பு டீயோடு திரும்பி வருவதற்குள் விழுங்குகிற நினைவு போய்விட்டது.

நான் அவர் கன்னத்தில் தட்டினேன். பல் கிட்டிக்கொண்டது. உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. என் தூக்கு கீழே விழுந்து இட்லி தரையெல்லாம் உருண்டது.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவரும் திருவிழாவுக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர். மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை. எதிர்க் கட்டிலில் கால் நசுங்கிய ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டை எடுத்துப் பார்த்தார். "எண்பது யூனிட் கேஸா? யூரின் பாத்தீங்களா?" நர்ஸ் சொன்னாள்: "விடியக்காலம் புடிச்சது சார். காய்ச்சினதுல செங்கல் கலர்." செங்கல் கலர் என்றால் சர்க்கரை எக்கச்சக்கம் என்று எனக்கே தெரியும். ஆனால் அது ஊசி போடுவதற்கு முந்தைய நிலவரம். டாக்டர் இவர் நெற்றி வேர்வையைப் புறங்கையால் தொட்டு, கொஞ்சம் யோசித்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "இவ்வளவு டோஸ்லயும் கன்ட்ரோல் ஆகல. சரி, இன்னொரு இருபது எடுங்க" என்றார்.

இன்னொரு இருபது.

நர்ஸ் மருந்தை எடுக்கத் திரும்பினாள். நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் அடி அண்ணாமலை அக்கா நின்றிருந்தாள். கிரிவலம் வருகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்திருக்கிறாள். புடவை நனைந்து ஒட்டியிருந்தது. கையில் செம்பு. பாய் அதற்குள் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், முகத்திலேயே தெரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் இந்தக் கட்டில் இந்த நிமிஷத்தோடு போய்விடும். என் வீட்டுக்காரருக்கும் பாய்க்கும் சீட்டில் பேராவது இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். அனுமதி கேட்டுப் பார்த்தேனா, மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேனா, எனக்குத் தெரியாது.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குற?" என்று அதட்டினாள் அக்கா. அவள் அதட்டி நான் கேட்டதே இல்லை. "சொல்லுடி!"

"டாக்டர், போடாதீங்க!" என்று நான் போட்ட கத்தலில் கால் நசுங்கியவர்கூட அலறுவதை நிறுத்திவிட்டார். "அது மூணு பேரு மருந்துங்க. இவருக்கு இருபத்துநாலுதான். மூணு பேரோடதையும் இவருக்கே போட்டுட்டாங்க. காலையிலேர்ந்து சாப்புடவும் இல்லைங்க."

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் கையிலிருந்த ஊசியைத் தட்டிவிட்டார். "குளுக்கோஸ், குளுக்கோஸ் எடுங்க, பெரிய சிரிஞ்சு!" என்று அவரே ஓடினார். அந்தப் பெண் அவசரத்தில் குப்பியின் கழுத்தை உடைக்கத் தெரியாமல் விரலைக் கீறிக்கொண்டாள். நான் இவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பாய் காலைப் பிடித்துக்கொண்டார். நரம்பு கிடைக்கவில்லை. ஒரு குத்து, இன்னொரு குத்து. அக்கா என் முதுகில் கை வைத்திருந்தாள். சாமி பேர் எதுவும் என் வாயில் வரவில்லை. அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது. மருந்து முழுவதும் உள்ளே போய் முடிவதற்குள் இமை அசைந்தது. இன்னொரு குப்பி ஏற்றினார்கள். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், கீழே உருண்டு கிடந்த இட்லிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?" என்றார்.

செத்துப் பிழைத்த மனுஷன் கேட்கிற முதல் கேள்வியா அது? ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. "ஆமா, சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று ஊர் முழுக்க மலையைப் பார்த்துக் கும்பிட்டபோது நாங்கள் வார்டில் இருந்தோம். அவருக்குச் சாயந்திரம்வரை குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. "எழுதாம விட முடியாதும்மா. இது நாளைக்கு வேற யாரையாவது கொன்னுடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். சிஸ்டரை ஜவ்வாது மலைப் பக்கம் ஏதோ ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போவதற்கு முன் எங்களைத் தேடி வந்து, "அந்த நர்ஸ் பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். பயந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவரைத் தண்டித்தார்கள். மருந்தை வெட்டியவர்களை யாரும் எங்கேயும் மாற்றவில்லை.

குழாயடிக் கட்டிலைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார்கள். பாய் வேலூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். அங்கே பெரிய ஊர், ஏதாவது வழி இருக்கும் என்றார். என் வீட்டுக்காரருக்கு மண்டியில் கூட மூட்டை தூக்குகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாதம் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டதால் கிடைத்த தயவு அது. அக்காவின் விஷயம் ஆஸ்பத்திரிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. மாமியாரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க அவளால் முடியவில்லை.

இவர் தன் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு நடப்பார். பாட்டில் மாதக் கடைசிவரை வர வேண்டுமே என்று நான் சண்டை போட்டேன். போட்டாலும் போவார். அக்கா இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். மூன்றாம் தரம், "உனக்கே பத்தாது, எடுத்துக்கிட்டுப் போ. இங்க வந்தா மோரு மட்டும் குடிச்சிட்டுப் போ" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். தை பிறந்து கொஞ்ச நாளில் அவள் மூச்சு ஒரு மாதிரி இழுக்கிறது என்று ஆள் வந்து சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கடையில் அன்றைக்குக் கடைந்த மோர் அப்படியே இருந்தது. மாமியார்க் கிழவி உள்ளே இருந்து, "யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டேன்.

சித்திரையில் கம்பவுண்டர் மண்டிக்கு ஆள் அனுப்பி எங்களை வரச்சொன்னார். போனோம். மனுஷர் ஜன்னலுக்கு உள்ளே சிரித்துக்கொண்டு நின்றார். புது பட்ஜெட்டில் பணம் வந்துவிட்டதாம், இனிமேல் பெரியவர்களுக்கும் பழையபடி உண்டாம். இவருக்கு ஊசி போட்டாயிற்று. அதன் பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து இன்னொரு பாட்டிலைத் தனியாக எடுத்துக் காட்டினார்.

"அடி அண்ணாமலைலேர்ந்து ஒரு அம்மா வருமே, அதைக் கொஞ்ச நாளா காணோமே. இது அதுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். இனிமே ஒளிஞ்சி ஒளிஞ்சி வர வேணாம், நேரா வரலாம்னு சொல்லிடுங்க."

"சரிங்க, சொல்லிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வரும்வரை பொறுத்துக்கொண்டேன். அப்புறம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இன்னா மனுஷங்க நீங்க? செத்துப்போச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அந்த பாட்டில வேற யாருக்காவது போட்டுடுவாரு" என்றார். "போடட்டும், நாளைக்குப் போடட்டும். அக்காவுக்குன்னு ஒருத்தரு எடுத்து வெச்சிருக்காரு. இன்னிக்கு ஒரு நாளாவது அதுக்குன்னே இருக்கட்டும்டி."